இயக்குதளத்துக்குப் பக்கத்தில் தனிக்குடித்தனம் நடத்தும் செயலிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெய்நிகர் இயந்திரம் என்றதும் விண்டோஸுக்குள் ஒரு ஜன்னலில் உபுண்டு ஓடும் காட்சிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அந்த இயந்திரத்துக்குள் முழு இயக்குதளத்தை ஏற்றியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஒரே ஒரு நிரலை மட்டும் குடிவைக்கலாம். லினக்ஸோ விண்டோஸோ தன் பாட்டுக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த ஏற்பாட்டைப் பற்றி மாணவர்களும் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருள் எழுதுபவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை.

தனிச்செயலி என்று எதைச் சொல்கிறீர்கள்?

பொது இயக்குதளம் எதன் துணையும் இல்லாமல் மெய்நிகர் இயந்திரத்தின் மீது நேரடியாக ஓடும் ஒற்றை நிரலை. அதில் லாகின் கிடையாது, கட்டளைகளைத் தட்டி இயக்கும் ஷெல் கிடையாது, பயனர் கணக்குகள் கிடையாது. இயந்திரம் பூட் ஆவதும் நிரல் தொடங்குவதும் ஒன்றுதான். நிரல் முடிந்தால் இயந்திரமும் நின்றுவிடும்.

நடைமுறையில் இரண்டு வகைகளைப் பார்க்கலாம். மைக்ரோகண்ட்ரோலருக்கு எழுதுவது போலவே டைமர், இன்டரப்ட் எல்லாவற்றையும் தானே கையாளும் பேர்-மெட்டல் நிரல் ஒன்று. மற்றது யூனிகெர்னல். இதில் டிசிபி/ஐபி, நினைவக ஒதுக்கீடு, நேரக் கணக்கு போன்ற இயக்குதள வேலைகள் நூலகங்களாக இருக்கும். நிரலுக்கு எது தேவையோ அதை மட்டும் அதனுடன் சேர்த்து இணைத்து ஒரே பிம்பமாக்கிவிடுவார்கள். கோப்பையே தொடாத நிரலின் பிம்பத்தில் கோப்பு முறைமை இருக்காது.

டிரைவர்களுக்கு எங்கே போவது? ஒவ்வொரு நெட்வொர்க் அட்டைக்கும் நானே எழுத வேண்டுமா?

வேண்டாம். இந்த யோசனை நடைமுறைக்கு வந்ததற்குக் காரணமே அதுதான். 1990-களில் எம்ஐடி-யின் எக்ஸோகெர்னல் ஆய்வு, இயக்குதளத்தை நூலகமாக்கலாம் என்று செய்துகாட்டியது. ஆனால் சந்தையில் இருக்கும் அத்தனை அட்டைகளுக்கும் டிரைவர் எழுத எந்த ஆய்வுக் குழுவாலும் முடியாது. அப்படிப்பட்ட முயற்சிகள் ஆய்வகத்தைத் தாண்டாததற்கு அது ஒரு முக்கியக் காரணம். மெய்நிகர் இயந்திரங்களை உருவாக்கி நடத்தும் மென்பொருளான ஹைப்பர்வைசர் வந்ததும் அந்தச் சுமை இறங்கிவிட்டது. உண்மையான அட்டையை லினக்ஸ் பார்த்துக்கொள்கிறது. தனிச்செயலிக்குத் தெரிவதெல்லாம் விர்ட்ஐஓ என்ற ஒரே மாதிரியான மெய்நிகர் சாதனம்தான். அதற்கு ஒரு டிரைவர் எழுதினால் போதும். கீழே இருப்பது எந்த நிறுவனத்தின் அட்டையாக இருந்தாலும் கவலையில்லை.

தனிக்குடித்தனம் போனாலும் தண்ணீருக்குப் பழைய வீட்டுக் கிணற்றுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது கிளவுட் காலத்துக் கண்டுபிடிப்பா?

ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் அறிவியல் மையத்தில் 1960-களிலேயே செய்தார்கள். அங்கே உருவான சிபி-40 ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் இயந்திரங்களாகப் பிரித்துக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் சிஎம்எஸ் என்ற ஒற்றைப் பயனர் அமைப்பு தரப்பட்டது. ஒருவரிடமிருந்து மற்றவரைக் காக்கும் ஏற்பாடு சிஎம்எஸ்ஸுக்குள் கிடையாது. அந்தப் பொறுப்பு முழுவதும் கீழே இருந்த சிபி-யினுடையது. 1972-இல் விஎம்/370 என்ற பெயரில் இது வெளியானது. அதே மெயின்ஃபிரேமில் ஒரு பக்கம் ஐபிஎம்மின் பெரிய இயக்குதளங்களும் மறுபக்கம் சின்னஞ்சிறு சிஎம்எஸ்களும் ஓடின. இன்று யூனிகெர்னல் என்று நாம் வியப்பதன் அடிப்படை முழுவதும் அங்கே இருக்கிறது.

தனிநபர் கணினிக்கு இது வர ஏன் இத்தனை காலம் ஆயிற்று என்றால், எக்ஸ்86 பிராசசரின் வடிவமைப்பே காரணம். அதில் சில கட்டளைகளைக் குறைந்த அதிகாரத்தில் இயக்கினால் பிழை எழாது. சத்தமில்லாமல் வேறு விதமாக நடந்துகொள்ளும். ஹைப்பர்வைசர் தலையிடுவதற்கு வாய்ப்பே கிடைக்காது. விஎம்வேர் அந்தக் கட்டளைகளை ஓடும்போதே மாற்றி எழுதிச் சமாளித்தது. 2003-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஸென் என்ற ஹைப்பர்வைசர், விருந்தாளி இயக்குதளத்தையே, அதாவது மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடுவதையே, திருத்தச் சொன்னது. 2005-இல் இன்டெல் விடி-எக்ஸையும் அடுத்த ஆண்டு ஏஎம்டி தன் வழியையும் கொண்டுவந்த பிறகுதான் வன்பொருளே இந்த வேலையை ஏற்றுக்கொண்டது. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலோடு, அதாவது இயக்குதளத்தின் மையப் பகுதியோடு, கேவிஎம் என்ற ஹைப்பர்வைசரும் சேர்ந்தே வந்தது. ஆக, உங்கள் லினக்ஸ் கணினியில் ஹைப்பர்வைசர் ஏற்கெனவே இருக்கிறது.

கண்டெய்னர் இருக்கும்போது இந்தத் தொல்லை எதற்கு?

பெரும்பாலானோருக்குத் தேவையில்லை, இதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே நல்லது. நீங்கள் எழுதிய வலைச் சேவையை நீங்களே உங்கள் சர்வரில் ஓட்டுகிறீர்கள் என்றால் கண்டெய்னர் தாராளமாகப் போதும்.

தனிச்செயலிக்கு என் கணக்கில் இரண்டே நியாயங்கள் உண்டு: அவநம்பிக்கை, நேரக் கெடு (குறித்த நேரத்துக்குள் வேலை முடிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம்). கண்டெய்னர் என்பது நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரு பொட்டலமாகக் கட்டித் தனியே ஓட்டும் வழி. ஆனால் ஒரு கணினியில் உள்ள கண்டெய்னர்கள் எல்லாம் ஒரே கெர்னலைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கெர்னலில் ஓட்டை விழுந்தால் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் ஓடுவதை நம்ப முடியாத இடத்தில், அல்லது பக்கத்தில் ஓடும் இயக்குதளத்தையே நம்ப முடியாத இடத்தில், வன்பொருள் போடும் சுவர் தேவைப்படுகிறது. அமேசான், பலருடைய நிரல்களைத் தன் சர்வர்களில் ஓட்டித்தரும் லாம்டா சேவைக்குக் கண்டெய்னரை மட்டும் நம்பியிருக்காமல் 2018-இல் ஃபயர்கிராக்கரை வெளியிட்டது இதனால்தான். 125 மில்லிவினாடிக்குள் தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் 5 எம்பிக்கும் குறைவான கூடுதல் நினைவகம் மட்டுமே எடுக்கும் மெய்நிகர் இயந்திரங்கள் அவை. மெய்நிகர் இயந்திரம் என்றாலே கனமானது என்ற பழைய பேச்சு அதோடு செல்லாக்காசாகிவிட்டது.

நேரக் கெடு என்பது தொழிற்சாலை விஷயம். அதைப் பற்றிக் கீழே ஜெயில்ஹவுஸ் என்ற ஹைப்பர்வைசரைப் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

பாதுகாப்புக்காக இதை உண்மையில் யாராவது பயன்படுத்துகிறார்களா?

நீங்களே பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10-இன் நிறுவனப் பதிப்பில் வந்த கிரெடென்ஷியல் கார்டு, கடவுச்சொல் ரகசியங்களை வைத்திருக்கும் பகுதியைப் பிரித்தெடுத்து ஹைப்பர்வைசரின் காவலில் தனியாக ஓட்டுகிறது. விண்டோஸ் கெர்னலே தாக்குபவரின் கைக்குப் போனாலும் அந்த நினைவகப் பக்கங்கள் அதன் கண்ணுக்குத் தெரியாது. இயக்குதளத்தின் ஒரு பகுதியே தன் இயக்குதளத்திடமிருந்து தப்பித்து வாழும் விசித்திரம் இது.

எனக்குப் பிடித்த உதாரணம் குயூப்ஸ் இயக்குதளம். அங்கே அலுவலகம், வங்கி, பொழுதுபோக்கு என்று ஒவ்வொன்றுக்கும் ஸென்னின் மீது ஒரு மெய்நிகர் இயந்திரம் உண்டு. நெட்வொர்க் போக்குவரத்தைச் சலித்து அனுப்பும் ஃபயர்வாலும் தனி இயந்திரம்தான். வழக்கமாக அதற்குள் ஒரு முழு லினக்ஸ் உட்கார்ந்து சில நூறு எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். 2016-இல், யூனிகெர்னல் கட்ட உதவும் மிராஜ் ஓஎஸ் கொண்டு ஒரு மாற்று எழுதப்பட்டது. ஓகாம்ல் மொழியில் எழுதிய ஃபயர்வால் விதிகளும் அவற்றுக்குத் தேவையான நெட்வொர்க் நூலகமும் மட்டும் கொண்ட யூனிகெர்னல் அது. அதற்கு ஒதுக்கச் சொல்லும் நினைவகம் 64 எம்பி அளவுதான். நினைவகச் சேமிப்பை விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: அந்த இயந்திரத்துக்குள் நுழைந்தவருக்கு ஓட்டுவதற்கு ஒரு ஷெல்கூட இல்லை.

மிராஜ் குழுவினர் 2015-இல் ஒரு பந்தயமும் வைத்தார்கள். 10 பிட்காயினின் ரகசியச் சாவியை ஒரு யூனிகெர்னலுக்குள் வைத்து இணையத்தில் விட்டார்கள். முடிந்தால் உள்ளே புகுந்து எடுத்துக்கொள்ளலாம். 2018 வரை யாரும் எடுக்கவில்லை. பிட்காயின் விலை அந்தக் காலத்தில் எங்கே போனது என்பதை நினைத்தால், முயன்று பார்த்தவர்கள் குறைவாக இருந்திருக்க மாட்டார்கள். இருந்தாலும் ஒரு பந்தயத்தை நிரூபணம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜெயில்ஹவுஸ் என்பது என்ன? கேவிஎம்மிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

சீமென்ஸ் நிறுவனத்தில் யான் கிஸ்காவின் முன்முயற்சியில் உருவாகி 2013-இல் கட்டற்ற மென்பொருளாக வெளியான ஹைப்பர்வைசர். தலைகீழான வரிசையில் வேலை செய்வதுதான் இதன் சிறப்பு. வழக்கமாக ஹைப்பர்வைசர் முதலில் எழும், இயக்குதளம் பிறகு எழும். இங்கே லினக்ஸ் முழுமையாக பூட் ஆகிவிடும். பிறகு ஒரு கெர்னல் மாட்யூல் மூலம் ஜெயில்ஹவுஸ் லினக்ஸுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஓடிக்கொண்டிருந்த லினக்ஸ் அந்த நொடியிலிருந்து ஓர் அறைக்குள் இருக்கும் முதல் கைதி.

அடுத்து ஒரு பேர்-மெட்டல் நிரலுக்கு இன்னோர் அறை திறக்கிறோம். நான்கு கோர் உள்ள கணினியில் ஒரு கோரை அதற்கு ஒதுக்கினால், லினக்ஸ் அந்தக் கோரை முறைப்படி அணைத்துவிட்டு ஒப்படைத்துவிடும். பக்கத்து முனையத்தில், கோர்களின் வேலையைக் காட்டும் எச்டாப் கருவி திறந்திருந்தால் ஒரு கோர் செத்துப்போனதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தக் கோர் இனி முழுக்க முழுக்க நிரலுடையது. எந்த நிரல் எப்போது ஓட வேண்டும் என்று முறை வைக்கும் ஷெட்யூலர் என்ற பேச்சே கிடையாது. ஒரு கோரை இருவர் பகிர்வதை ஜெயில்ஹவுஸ் அனுமதிப்பதில்லை. நினைவகத்தையும் அப்படித்தான் பிரிக்கிறது. அறையை அழித்தால் கோர் மீண்டும் லினக்ஸிடம் வந்துசேரும்.

கேவிஎம்மில் மெய்நிகர் சிபியு என்பது லினக்ஸின் பார்வையில் இன்னொரு திரெட். லினக்ஸ் மனம் வைத்தால்தான் அது ஓடும். ஒரு மோட்டாரின் சுழற்சியை ஒவ்வொரு மில்லிவினாடியும் சரிபார்க்கும் நிரலுக்கு அந்த நிலை சரிப்படாது.

ஜெயில்ஹவுஸை முயன்று பார்க்கும்போது எங்கே இடறும்?

முதல் இடறல் நினைவகத்தில். ஹைப்பர்வைசருக்கும் தனி நிரலுக்கும் வேண்டிய இடத்தை லினக்ஸ் பூட் ஆகும்போதே ஒதுக்கிவைக்கச் சொல்ல வேண்டும். எக்ஸ்86 செயல்விளக்கத்துக்குக் கெர்னல் கட்டளை வரியில் 82 எம்பி ஒதுக்கும்படி எழுதுவார்கள். அந்த வரியில் அளவுக்கும் முகவரிக்கும் நடுவே ஒரு டாலர் குறி வரும். லினக்ஸை ஏற்றிவிடும் கிரப் என்ற பூட்லோடரின் அமைப்புக் கோப்பில் அந்த டாலருக்கு முன் பின்சாய்வுக் கோடுகளைப் போட்டுக் காப்பாற்றாவிட்டால், கிரப் அதை மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணினி நலமாக பூட் ஆகும். ஒதுக்கீடு மட்டும் நடந்திருக்காது, அல்லது வேறு எங்கோ நடந்திருக்கும். பூட் ஆனவுடன் கெர்னல் உண்மையில் பெற்றுக்கொண்ட கட்டளை வரியைப் படித்துப் பார்ப்பதுதான் ஒரே மருந்து.

இரண்டாவது, அமைப்புக் கோப்பு. எந்த முகவரி வரம்பு, எந்த பிசிஐ சாதனம், எந்த இன்டரப்ட் யாருக்கு என்று எல்லாவற்றையும் சி மொழி அமைப்பில் வரிசையாக எழுதியாக வேண்டும். தானாக எழுதித் தரும் கருவி உண்டு. அது தருவதை அப்படியே நம்பிவிட முடியாது. பட்டியலில் விட்டுப்போன ஒரு முகவரியை லினக்ஸ் தொட்டால் ஜெயில்ஹவுஸ் அந்த இடத்திலேயே அதை நிறுத்திவிடும். திரை உறைந்துபோகும். காரணம் சீரியல் போர்ட்டில் மட்டும்தான் வரும். சீரியல் கேபிள் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எல்லாம் கூடிவந்தால், மாதிரி நிரலொன்று டைமரை ஓடவிட்டு, குறித்த நேரத்துக்கும் உண்மையில் விழித்த நேரத்துக்கும் உள்ள பிசகை நானோவினாடியில் சீரியல் போர்ட்டில் எழுதிக்கொண்டே போகும். உச்சபட்சப் பிசகு எவ்வளவு என்பதையும் அதே வரியில் காட்டும். பக்கத்தில் லினக்ஸ் சும்மா இருக்கும்போது வரும் எண்ணை நம்ப வேண்டாம். மற்ற கோர்கள் எல்லாவற்றிலும் ஒரு கெர்னலைக் கம்பைல் செய்யவிட்டுப் பிறகு அந்த உச்ச எண்ணைப் பாருங்கள். கோர் தனியாக இருந்தாலும் கடைசி நிலை கேஷும் (பிராசசருக்குள் இருக்கும் சிறிய வேக நினைவகம்) நினைவகப் பாதையும் பொதுவானவை. அதைக் குறைக்க இன்டெலின் சில பிராசசர்களில் கேஷையே பங்கு போடும் வசதி இருக்கிறது. ஜெயில்ஹவுஸ் அதைப் பயன்படுத்தவும் செய்யும். ஆனால் மதர்போர்டின் ஃபர்ம்வேர் இடையிடையே பிராசசரைப் பறித்துக்கொள்ளும் எஸ்எம்ஐ இன்டரப்டை எந்த ஹைப்பர்வைசராலும் தடுக்க முடியாது. எனவே எக்ஸ்86-இல் நேரக் கெடுவை நம்பி இயந்திரம் கட்டுபவர்கள் மதர்போர்டைப் பார்த்து வாங்க வேண்டும்.

நேரக் கெடுவுக்கு வேறு எளிய வழிகள் இல்லையா?

இருக்கின்றன, அவற்றை முதலில் பார்த்துவிடுங்கள். லினக்ஸையே நேரம் தவறாமல் பதிலளிக்க வைக்கும் ப்ரீஎம்ப்ட்-ஆர்டி பல ஆண்டுகள் கெர்னலுக்கு வெளியே தனி ஒட்டாக (பேட்ச்) இருந்தது. அது 2024-இல் வெளியான லினக்ஸ் 6.12-இல் மூலக் கெர்னலோடு சேர்ந்துவிட்டது. பல தொழில்துறைத் தேவைகளுக்கு அதுவே போதும். உங்கள் போர்டிலேயே தனிச் சிறிய கோர் இருந்தால் ஹைப்பர்வைசர் தேவையே இல்லை. பீகிள்போன் பிளாக்கில் 200 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இரண்டு பிஆர்யு கோர்கள் இருக்கின்றன. ஸைலின்க்ஸின் ஸிங்க் அல்ட்ராஸ்கேல் பிளஸ் சில்லுகள் பலவற்றில் நான்கு ஏ53 கோர்களோடு இரண்டு ஆர்5 கோர்கள் வருகின்றன. லினக்ஸ் பெரிய கோர்களில், கட்டுப்பாட்டு நிரல் சிறிய கோரில் என்று வைத்துவிடலாம். சிறிய கோரின் வேகம் போதாதபோது, அல்லது பழைய நிரலை மாற்றாமல் பெரிய கோரில்தான் ஓட்டியாக வேண்டும் என்னும்போது, ஹைப்பர்வைசரிடம் வாருங்கள்.

என் பைதான் நிரலை, டேட்டாபேஸை அப்படியே யூனிகெர்னலாக மாற்றலாமா?

ஓஎஸ்வி, யூனிகிராஃப்ட், நானோஸ் போன்றவை லினக்ஸ் நிரல்களை அதிக மாற்றமில்லாமல் ஓட்டவே முயல்கின்றன, பைதானும் ஓடும். இடிக்கும் இடம் ஃபோர்க், அதாவது ஓடும் நிரல் தன்னையே நகலெடுத்து இன்னொன்றாகப் பிரிவது. யூனிகெர்னலில் பொதுவாக ஒரே முகவரி வெளிதான் இருக்கும். தன்னைப் போல் இன்னொரு பிராசஸைப் பிரிப்பதற்கு அங்கே இடமில்லை. திரெட்களை நம்பிய மைஎஸ்கியூஎல் இதில் பிழைத்துக்கொள்ளும். ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு பிராசஸைப் பிரிக்கும் போஸ்ட்கிரெஸ் திணறும். ரெடிஸ் ஓடும், ஆனால் பின்னணியில் டிஸ்க்குக்குப் பிரதி எழுத அது ஃபோர்க்கைத்தான் நம்பியிருக்கிறது. செயலி ஓடுகிறதே என்று மகிழ்ந்து, பிரதி எழுதப்படவில்லை என்பதைக் கவனிக்காமல் விட்டால் மின்சாரம் போன அன்றைக்குத்தான் தெரியும்.

வேகம் கூடுமா?

கூடலாம். 2021-இல் வெளியான யூனிகிராஃப்ட் ஆய்வில் என்ஜின்எக்ஸ், ரெடிஸ், எஸ்கியூலைட் ஆகியவை லினக்ஸ் விருந்தாளியில் ஓடுவதை விட 1.7 முதல் 2.7 மடங்கு வேகமாக ஓடின. பிம்பம் சுமார் 1 எம்பி, நினைவகம் 10 எம்பிக்கும் குறைவு. ஆனால் ஒப்பீடு மெய்நிகர் இயந்திரத்துக்குள் இருக்கும் லினக்ஸோடு என்பதை மறக்க வேண்டாம். உங்கள் தாமதம் டேட்டாபேஸ் வினவலில் இருந்தால் இதனால் எதுவும் மாறப்போவதில்லை.

பிழை வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் இந்தத் துறையின் மீதுள்ள பலமான குற்றச்சாட்டு. டிடிரேஸ் கருவியை உருவாக்கியவர்களில் ஒருவரான பிரையன் காண்ட்ரில் 2016-இல் யூனிகெர்னல்கள் உற்பத்திச் சூழலுக்குத் தகாதவை என்று கடுமையாக எழுதினார். உள்ளே போய்ப் பார்க்க ஷெல் இல்லை, பிராசஸ் பட்டியல் இல்லை, பாக்கெட்டைப் பிடித்துப் பார்க்கும் கருவி இல்லை. நின்றுபோனால் மறுபடி பூட் செய்வதைத் தவிர வேறென்ன செய்வீர்கள் என்று கேட்டார். பாதுகாப்புக்காக எதை எடுத்தெறிந்தோமோ அதுவே பராமரிப்புக்குத் தேவைப்படுகிறது.

பதில் ஓரளவுதான் இருக்கிறது. இயந்திரம் முழுவதையும் வெளியிலிருந்து நிறுத்தி, கணினியையே மென்பொருளாகப் போலி செய்யும் க்யூஇஎம்யு வழியாக, பிழை தேடும் கருவியான ஜிடிபி-யை இணைத்து, வரி வரியாகப் பார்க்கலாம். கெர்னல் பகுதியும் உங்கள் நிரலும் ஒரே பிம்பத்தில் இருப்பதால், இரண்டுக்கும் நடுவே உள்ள பிழையைத் துரத்துவது சில சமயம் லினக்ஸை விட எளிது. ஆனால் இதெல்லாம் மேசையில் வைத்துச் செய்யும் வேலை. நள்ளிரவில் வாடிக்கையாளரின் சர்வரில் நடக்கும் கோளாறுக்கு, முன்கூட்டியே நிரலுக்குள் பதிவுகளையும் அளவீடுகளையும் எழுதி வெளியே அனுப்ப ஏற்பாடு செய்திருந்தால் மட்டுமே வழி பிறக்கும். காண்ட்ரிலின் கேள்விக்கு அவ்வளவுதான் விடை என்று நினைக்கிறேன். அவர் தவறு என்று சொல்ல மாட்டேன்.

விளையாட்டுகளில் இது உண்டா?

2013-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஹைப்பர்-வி வழிவந்த ஹைப்பர்வைசரின் மீது இரண்டு பிரிவுகள் உண்டு. ஒன்றில் விண்டோஸ் வழிவந்த அமைப்பு செயலிகளை ஓட்டும். மற்றது விளையாட்டுக்கே உரியது. 8 ஜிபி நினைவகத்தில் 5 ஜிபி விளையாட்டுக்கு என்று பிரித்துவைத்திருந்தார்கள். அரட்டைச் செயலியைத் திறந்தாலும் ஆட்டம் திக்காது.

என் லேப்டாப்பில் எங்கே தொடங்கலாம்?

முதலில் பயாஸ் திரையில் இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் எஸ்விஎம் இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில லேப்டாப்களில் அது அணைந்தே வருகிறது. லினக்ஸில் சாதனங்களின் கோப்புறையில் கேவிஎம் என்ற கோப்பு தென்பட்டால் தயார். உங்கள் பயனர் கணக்கை கேவிஎம் குழுவில் சேர்க்க மறந்தால் அனுமதி மறுப்பு வரும். விண்டோஸில் ஹைப்பர்-வி ஏற்கெனவே அடியில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அப்போது மற்ற ஹைப்பர்வைசர்கள் அதன் வழியாகத்தான் போக வேண்டும், வேகமும் குறையும். பழகுவதற்கு லினக்ஸ் கணினியே மேல்.

அடுத்து யூனிகிராஃப்டின் மாதிரி நிரலை க்யூஇஎம்யு-வில் ஓட்டுங்கள். அதுவே ஒரு மாலைப்பொழுது வேலைதான். பிறகு அதை ஒரு சிறிய எச்டிடிபி சர்வராக்கி, லினக்ஸ் பக்கம் ஒரு டாப் இடைமுகமும் (மென்பொருளாலான நெட்வொர்க் அட்டை) அதை மற்ற நெட்வொர்க்கோடு இணைக்கும் பிரிட்ஜும் உருவாக்கி, உலாவியிலிருந்து கூப்பிட்டுப் பாருங்கள். நெட்வொர்க் அட்டை என்று லினக்ஸ் ஒன்றைச் சொல்வதும் அந்த நிரல் வேறொன்றைப் பார்ப்பதும் அப்போது புரியும். வைஃபை அட்டையைப் பிரிட்ஜில் நேரடியாகச் சேர்க்க முயல வேண்டாம், பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. முகவரி மாற்றம் செய்யும் நாட் வழியைப் பயன்படுத்துங்கள்.

ஜெயில்ஹவுஸ்தான் வேண்டும் என்றால், உண்மையான கணினியில் கைவைப்பதற்கு முன், சாதனங்கள் நினைவகத்தைத் தொடுவதைக் கட்டுப்படுத்தும் இன்டெல் ஐஓஎம்எம்யு-வைப் போலியாகத் தரும் க்யூஇஎம்யு-வுக்குள் அதை ஓட்டிப் பாருங்கள். அதன் களஞ்சியத்திலேயே இதற்கான அமைப்புக் கோப்பு இருக்கிறது. நேர அளவீடுகளுக்கு அங்கே மதிப்பில்லை, ஆனால் அறைகளைத் திறந்து மூடிப் பழகலாம். ஜெயில்ஹவுஸின் வெளியீடுகள் மெதுவாகிவிட்டதால் புதிய திட்டத்தைத் தொடங்குபவர்கள், போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்திலிருந்து வரும் பாவ் ஹைப்பர்வைசரையும், டொம்0 என்ற நிர்வாக இயந்திரம் இல்லாமலேயே விருந்தாளிகளை பூட் செய்யும் ஸென்னின் புதிய முறையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். ஏஆர்எம் போர்டுகளுக்கு நான் முதலில் பார்ப்பது பாவ்.